கையில் தந்துவிட்டுக் காத்திருப்பவர்

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்தது ஒரு பக்கம் போகும், பேனா இன்னொரு பக்கம் போகும். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதிவிடுவேன். என்றாலும் அந்த டொக்டரைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. படித்தவர்கள் எழுதுவார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் எழுதுவதாகக் காணவில்லை.

அவர் திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண்பிள்ளை. கல்முனைக்குக் கிட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில், கிளினிக்கில் நெஞ்சு வருத்தமும் பிரஷரும் சீனி வியாதியும் பார்த்தார். மெலிந்த ஆள். பொட்டு நெற்றியின் நடுவில் நிற்காது, எந்நேரமும் ஒரு பக்கம் நகர்ந்தபடி இருக்கும். மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருப்பார். அவசரமாக எழும்பும்போது காலால் செருப்பைத் துழாவுவார். அகப்படாது. அப்படியே நடந்துவிடுவார். டொக்டர் வெறுங்காலோடு வருகிறார் என்றால் யாருக்கோ வருத்தம் கடுமை என்று வார்ட்டில் வேலை பார்க்கும் தாதி மிஸ்ஸிமார் ஓடிவருவார்கள்.

நான் முதலில் போனது என்னுடைய சீனி வருத்தத்துக்கு. டொக்டர்மாரின் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகம் வரும். அன்றைக்கும் குனிந்துகொண்டுதான் இருந்தேன். அவர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயை எடுத்தார். நான் வழமைபோல மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் வைக்கவில்லை.

"வைக்கட்டா உம்மா?" என்று கேட்டார்.

குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முதல் ஒரு டொக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன். கேட்டு முடித்ததும் குழாயின் இரண்டு முனைகளையும் தன் காதிலிருந்து எடுத்துப் பஞ்சால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் கேளுங்க. உங்கடதானே."

முக்காட்டை விலக்காமல் உள்ளே விட்டுக் காதில் வைத்தேன். பக்கத்து வளவில் யாரோ ஒருவர் ஆறுதலாக நடந்து போவதுபோல் இருந்தது. இத்தனை வருஷமாக எனக்குள்ளே நடந்துகொண்டிருந்த ஆள். ஒருநாளாவது நான் விசாரித்ததில்லை.

உங்கடதானே. இதுதான் அவருடைய வாயில் ஓயாமல் வரும் சொல். இரத்தம் பார்த்த துண்டைக் கையில் தருவார், உங்கடதானே. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நம்முடைய விரலைப் பிடித்து நெஞ்செலும்பைத் தொட வைப்பார், உங்கடதானே. அந்த நாட்களில்தான் கிளினிக்குக்குக் கொம்பியூட்டர் வந்தது. மற்ற மேசைகளில் டொக்டர் முன்பக்கத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் முதுகுப் பக்கத்தில் தொங்கும் வயரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இவர் மேசையைக் குறுக்கே திருப்பிப் போடச் சொன்னார். திரை இரண்டு பேருக்கும் தெரியும்படி இருந்தது. அதோடு விடவில்லை. மவுஸை நம்முடைய கையில் தந்து நகர்த்தச் சொல்வார்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். என் மாப்பிள்ளையின், அதாவது என் புருஷனின், தங்கச்சி ஒருத்தி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. நான் மச்சி என்று கூப்பிடுவேன். வாய்க்காரி. அவ சொல்லுவா, "நாம மருந்துக்குப் போறமா, டொக்டர் வேலைக்குப் போறமா? எல்லாத்தையும் நம்மட கையில தந்தா அவ என்னத்துக்குச் சம்பளம் எடுக்கிற?"

மச்சி பகிடிக்குச் சொன்னா. ஒருநாள் அதையே ஒருத்தி அழுதுகொண்டு கேட்டதை நான் பார்த்தேன். சாகாமம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். அவருடைய இரத்தச் சீனி ஏறி இறங்கிய கோட்டை டொக்டர் திரையில் காட்டியபோது நானும் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தேன்.

"இங்க ஏறுது பாருங்க ஐயா. இந்த நேரம் என்ன சாப்பிட்டீங்க?"

"அது வெட்டுக் காலம். வயல்ல நிண்டாப் பிளேன்டீதான் சாப்பாடு."

"பிளேன்டீக்கு எவ்வளவு சீனி போடுவீங்க?"

"அதை அவளுக்கிட்டக் கேளுங்க, நான் குடிக்கிறது மட்டும்தான்," என்று மனைவியைக் காட்டினார். வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தோம்.

டொக்டர் ஊசியைப் பற்றிச் சொன்னார், குளிசையைப் பற்றிச் சொன்னார். ஊசி நல்லது, ஆனால் முடிவு உங்கட கையில் என்றார். மனுஷன் யோசித்து, வெட்டு முடியட்டும், பிறகு ஊசி போடுகிறேன் என்றார். வெட்டு முடிவதற்குள் காலில் முள் குத்திப் புண் வந்து, பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மனைவி கிளினிக்குக்குள் வந்து நின்று கேட்டா.

"படிச்ச ஆள் நீங்களா அவரா? ஊசிதான் போட வேணும் எண்டு பிடிச்சுச் சொல்லியிருந்தா அவர் மாட்டன் எண்டிருப்பாரா?"

டொக்டர் எழும்பி அந்த மனுஷியின் முன்னால் நின்றார். காலில் செருப்பு இல்லை. பிறகு அவவைக் கூட்டிக்கொண்டு வார்ட்டுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் வரிசை நகர நெடுநேரமாயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கையில் தருவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆனால் தந்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. யாரிடம் என்ன முடிவை விட்டிருக்கிறார் என்பதைக் கொம்பியூட்டரில் போட்டுவைத்தார். அது அவருக்குக் காலையில் ஞாபகப்படுத்துமாம். உடனே போனை எடுத்து, "யோசிச்சீங்களா?" என்று கேட்பார். யோசிக்கவில்லை என்றால் இன்னொரு நாள் எடுப்பார். மச்சி அவருக்கு யோசிச்சீங்களா டொக்டர் என்று பெயர் வைத்துவிட்டா.

இனி என் ராத்தாவின் கதைக்கு வருகிறேன். ராத்தா என் மூத்த சகோதரி. மாப்பிள்ளை மவுத்தாகித் தனித்த பிறகு என்னோடுதான் இருந்தா. பிள்ளை இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கிக் கிடந்ததில் நெஞ்சுக்குள்ளே ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. அதற்கு நெடுங்காலமாகக் கிளினிக்கில் மருந்து எடுத்தா. இந்த டொக்டர் வருவதற்கு முன்னால், டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒருநாள் பஸ்ஸில் வந்திறங்கிக் கிளினிக்கில் ராத்தா படுத்திருந்த கட்டிலைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். பேரப்பிள்ளை வயது ஆண்பிள்ளைகள். ராத்தாவின் நெஞ்சில் நல்ல சத்தம் இருக்கிறது, கேளுங்கள் என்று யாரோ சொல்ல, ஒருவர் மாறி ஒருவர் குழாயை வைத்திருக்கிறார்கள். கை எல்லாம் ஐஸ் மாதிரிக் குளிர் என்றா. ஒருவரும் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை என்றா. வீட்டுக்கு வந்து பின்னேரத்து அசர் தொழுதா. தொழுத பாயில் இருந்துகொண்டே சொன்னா.

"இனி நான் அங்க போகமாட்டன். மருந்து வந்தாக் குடிப்பன். வராட்டி அல்லாஹ்ட நாட்டம்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருத்தி கிளினிக்குக்குப் போனால் ஒழுங்கையில் உள்ளவர்களின் மருந்து எழுதிய கொப்பிகளையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போவாள். எல்லாருக்கும் குளிசை எடுத்து வருவாள். யாரும் இதைப் பிழை என்று நினைப்பதில்லை. ராத்தாவின் கொப்பியை மச்சி கொண்டுபோகத் தொடங்கினா. இடைக்கிடை நான் கெஞ்சி அழுதால் ராத்தா தானே போவா, படிக்கிற பிள்ளைகள் வராத நாளாகப் பார்த்து. மற்ற நாட்களில் மச்சி. கொப்பியைக் காட்டிக் குளிசையை வாங்கி வருகிறா என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என்னுடைய கிளினிக்கும் ராத்தாவின் கிளினிக்கும் ஒன்றாக வந்தது. மச்சியும் நானும் வாங்கில் இருந்தோம். ராத்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சி எழும்பிப் போய் டொக்டரின் முன்னால் கதிரையில் இருந்தா. துணைக்கு வந்தவள்போல நானும் பின்னால் நின்றேன். அதுவரை ராத்தாவின் கொப்பி மற்ற மேசைகளுக்குத்தான் போயிருந்தது, இந்த டொக்டர் ராத்தாவைக் கண்டதில்லை. திரையைப் பார்த்தார், மச்சியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மவுஸை மச்சியின் பக்கம் தள்ளினார்.

"உம்மா, இது உங்கட நிறை. இந்த மாசம் இளைச்சிருக்கீங்க. அடுத்த மாசம் நல்லாப் பெருத்திருக்கீங்க. திரும்ப இளைச்சிட்டீங்க. என்ன நடந்த?"

"நோன்பு வந்த டொக்டர்," என்றா மச்சி.

"நோன்பு வருஷத்துக்கு ஒருக்காத்தானே வரும்?"

"நான் மற்ற நாள்லயும் சுன்னத்து நோன்பு பிடிக்கிற."

"உயரமும் கூடிக் குறைஞ்சிருக்கே. அதுவும் நோன்பா?"

மச்சி என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். மச்சி தோற்றுப்போனவளாகக் கையை விரித்தா.

"நான் குளிசை எடுக்கத்தான் டொக்டர் வந்த. கையை நீட்டச் சொன்னாங்க, நீட்டின. நீட்டாட்டிக் குளிசை தரமாட்டாங்களோ எண்டு பயம். ரத்தமும் எடுத்தாங்க. அது நல்ல ரத்தம்தான், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு மச்சியின் கையில் மவுஸைத் தந்து, எது நீங்கள், எது அவ என்று பிரித்துக் காட்டச் சொன்னார். மச்சி திரைக்குக் கிட்டப் போய்ப் பஞ்சாயத்துச் செய்வதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"இது நான். பெருநாளைக்கு அடுத்த கிழமை, வட்டிலப்பம் திண்ட நிறை. இது அவ. இது அவ. இது நான், கலியாண வீடு ஒண்டு நடந்த."

டொக்டர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது.

"இந்தப் பிரஷர் உங்கடதா?"

"ஓம். நல்லம் எண்டு சொன்னாங்க."

"இதைப் பாத்துத்தான் அவங்கட குளிசையைக் குறைச்சிருக்கு. அதுக்குப் பிறகும் இன்னொருக்காக் குறைச்சிருக்கு." எங்கள் இருவரையும் பார்த்தார். "அப்ப உண்மையான ஆள் எப்பிடி இருக்காங்க?"

மச்சி என்னை முன்னால் இழுத்துவிட்டா. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மூச்சு வாங்குது டொக்டர். படுக்க ஏலா. சுவரில சாய்ஞ்சபடிதான் நித்திரை."

மேசைக்குக் கீழே அவருடைய கால் செருப்பைத் துழாவும் சத்தம் எனக்குக் கேட்டது.

கூட்டி வாருங்கள் என்றார். வரமாட்டா என்றேன். ஏன் என்று கேட்டார். அந்தக் குளிர்ந்த கைகளின் கதையைச் சொன்னேன். ஒரு டொக்டரிடம் என் வாழ்நாளில் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் மவுஸை விட்டுவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "அசருக்குப் பிறகு போனில எடுக்கட்டா? முகம் தெரியிற மாதிரி," என்றார்.

முகம் தெரியக் கதைக்கிற போன் மச்சியிடம்தான் இருந்தது. அசருக்குப் பிறகு அதைக் கொண்டுவந்து ராத்தாவின் முன்னால் பிடித்தா. ராத்தா உடனே போனில் இருக்கும் அந்தச் சின்னக் கமராக் கண்ணை விரலால் பொத்திவிட்டா.

"உம்மா, எனக்கு ஒரு விரல்தான் தெரியுது," என்றது டொக்டரின் குரல்.

"அது காணும், போதும்."

"ஓம், இப்பைக்கு அது காணும். அந்த விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. நகத்தைப் பாக்கட்டா?"

ராத்தா நகத்தை மட்டும் காட்டினா. நீலம் பாரித்திருந்தது. கூடவே இருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

"காலைப் பாக்கட்டா உம்மா? கணுக்கால் மட்டும் காணும்."

ராத்தா சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கினா.

"நான் தொட ஏலா. நீங்களே பெருவிரலால அமத்திப் பாருங்க. எடுங்க. என்ன தெரியுது?"

ரொட்டிக்குப் பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோலக் குழி விழுந்து நின்றது. ராத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தா. "குழி போகுதில்ல," என்றா. சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"அது தண்ணி உம்மா. நெஞ்சிலயும் நிக்குது, அதாலதான் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கக் கஷ்டப்படுறீங்க. நாளைக்கு நீங்க வர வேணும். வராட்டி நான் பயப்படுவன்."

"அந்தப் பொடியன்மார் நிப்பாங்க."

"நிக்க மாட்டாங்க. உங்களைக் கேக்காம ஒருத்தரும் தொட மாட்டாங்க. நானும்தான்."

ராத்தா போனை மச்சியிடமிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தா. "இவ்வளவு சின்னப் புள்ளயா நீங்க?" என்றா. "சாப்பிடுறல்லியா?"

அடுத்த நாள் போனோம். வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து, மூச்சு இறங்கி, ராத்தா படுத்து நித்திரை கொண்டதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வால்வை விரிக்கலாம் என்று டொக்டர் படம் காட்டிச் சொன்னார். ராத்தா யோசித்து வேண்டாம் என்றா. சரி என்று, அதற்குத் தக்க மருந்தைத் தந்தார்.

டொக்டரிடம் ஒரு புதுக் குழாய் இருந்தது. நெஞ்சில் வைத்தால் சத்தம் லெப்டொப்புக்குள் போய் அங்கேயே இருக்கும். அப்படிப் பல பேருடைய சத்தங்களைச் சேர்த்து வைத்திருந்தார். படிக்கிற பிள்ளைகள் வேறொரு அறையில் இருந்து காதில் மாட்டிக் கேட்பார்கள். கட்டிலைச் சுற்றி நிற்கத் தேவையில்லை. ராத்தாவின் வால்வுச் சத்தம் இலேசில் காதில் பிடிபடாத சத்தமாம், அப்படிப்பட்ட ஆட்கள் இப்போது குறைவாம். ராத்தாவிடம் வந்து பதியட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றா ராத்தா. சரி என்று போய்விட்டார்.

அன்று பின்னேரம் வார்ட்டுக்கு வயதான பெரிய டொக்டர் ஒருவர் வந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று இவரோடு கதைத்தது எங்களுக்குக் கேட்டது.

"குழாயை எப்படியும் வைக்கத்தானே போறீங்க. வைக்கிறபோது பதிஞ்சிட்டாப் போகுது. முகமா காட்டுறம்? ஒரு சத்தம்தானே."

"முகம் இல்லாததாலதான் சேர் கேக்க வேண்டியிருக்கு. நாளைக்கு அவங்களே இந்தச் சத்தத்தைக் கேட்டாலும் இது தங்கட எண்டு அவங்களுக்குத் தெரிய வராதே."

"பிள்ளைகள் பிறகு எப்படிப் படிக்கிறது?"

அதற்கு இவர், "தெரியாது சேர்," என்றார்.

ராத்தா கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தா. அடுத்த நாள் டொக்டர் வந்ததும், "எனக்குக் கேக்கட்டும், புறகு சொல்றன்," என்றா. பதிந்து, லெப்டொப்பை மடியில் வைத்துப் போட்டுக் காட்டினார். முதலில் ஒரு அடி. உடனே ஒரு சின்னச் சொடுக்கு. அதற்குப் பிறகு தூரத்து வயலில் உழவு மெசின் ஓடுவதுபோல் ஒரு உறுமல். ராத்தா தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டா.

"கேக்கிற புள்ளைகளுக்கு என்ட முகம் தெரியுமா?"

"தெரியாது."

"பேர்?"

"தெரியாது. பொம்பிள ஆள், வயசு, வருத்தம். அவ்வளவுதான்."

"நான் மவுத்தானாப் புறகும் இது அடிக்குமா?"

டொக்டர் லெப்டொப்பை நிறுத்தினார். "அடிக்கும் உம்மா. வேணாம் எண்டா அண்டைக்கே அழிச்சிருவன்."

ராத்தா யன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தா. "உசிரோட இரிக்கும் மட்டும் கேக்கட்டும். இதைக் கேட்டுப் படிச்சா, இன்னொருத்திட நெஞ்சில வரிசையாக் கை வெக்கத் தேவல்லத்தானே. நான் மவுத்தானா இவக்கிட்டக் கேளுங்க." என்னைக் காட்டினா.

"என்னட்டயா?" என்றேன்.

"வேற ஆரு இரிக்கா எனக்கு?"

டொக்டர் அதை அப்படியே கொம்பியூட்டரில் எழுதித் திரையைத் திருப்பி, வாசித்தும் காட்டினார்.

அதற்குப் பிறகு ராத்தா சில வருஷங்கள் நல்லபடி இருந்தா. கொப்பியைத் தானே கொண்டுபோனா. மச்சியை நம்பவில்லை. இடையில் டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று ராத்தா இடியப்பமும் மீன் ஆணமும் கட்டிக் கொடுத்தா. "சாப்பிடுங்க, நான் கேப்பன்," என்றா. டொக்டர் தூரத்து ஊரில் இருந்தும் இடைக்கிடை போன் எடுப்பார்.

ஒருநாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு ராத்தா கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து பாயில் இருந்தவ அப்படியே சாய்ந்துவிட்டா. மச்சிதான் டொக்டருக்கு அறிவித்தா. டொக்டர் என்னோடு கதைத்து அழுதார். அன்றைக்கு வேறொன்றும் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சில நாள் கழித்து எடுத்தார்.

"உம்மா, ராத்தாட சத்தம். மவுத்துச் செய்தி வந்த நாள்ல இருந்து ஒருத்தருக்கும் போடல்ல. நீங்க சொன்னாப் போடுவன், இல்லாட்டி அழிப்பன். அவசரமில்ல."

எனக்கு வாப்பா மாப்பிள்ளை பார்த்தார். உம்மா வீடு தந்தா. சோற்றுக்கு என்ன ஆணம் வைப்பது என்பதைத் தவிர நானாக ஒன்றை முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. இதை நினைத்தால் இரண்டு பக்கமும் பயம் வந்தது. குளிப்பாட்டி, ஒரு இடமும் தெரியாமல் கபன் துணியால் சுற்றி, பொத்திப் பொத்தி மண்ணுக்குள் வைத்தவ. அவவில் ஒரு துண்டை வெளியே விட்டுவைக்கலாமா? அழி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அழித்தால் அவ இரண்டாம் தரம் மவுத்தாகிவிடுவா போல் இருந்தது. மௌலவியிடம் கேட்க வெட்கம். இதை எப்படிச் சொல்லித் தொடங்குவது?

"யோசிச்சீங்களா?" என்று டொக்டர் எடுத்தார். இல்லை என்றேன். மாதங்கள் போயின. திரும்ப எடுத்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீங்க படிச்ச ஆள். நீங்களே ஒண்டைச் செய்ங்க டொக்டர். எனக்குத் தெரியா."

"எனக்கும் தெரியாது உம்மா. அதாலதான் உங்களைக் கேக்கிறன்."

அவருடைய குரல் களைத்திருந்தது. பெருவிரலை இழந்த அந்த மனுஷனின் மனைவிக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் இது இலேசில்லை.

"ஒருக்காக் கேக்கலாமா?" என்றேன்.

மச்சி வீட்டுக் குசினியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். மச்சி போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தா. அடி. சொடுக்கு. தூரத்து உறுமல். நான் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பயம் வரவில்லை. மச்சி அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றா.

"அவதான்," என்றா. "மூச்சு வாங்க வாங்க என்னைத் திட்டுறா."

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

"இரிக்கட்டும் டொக்டர்," என்றேன். "அவட பேரால நன்மை சேரக் கிணறு ஒண்டு வெட்டிக் குடுக்க எனக்கு வசதியில்ல. இது இரிக்கட்டும்."

அந்தப் பக்கம் எழுத்துத் தட்டும் சத்தம் கேட்டது. "எழுதிட்டன். வாசிக்கட்டா?" நான் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தார். "பிறகு மனசு மாறினாலும் சொல்லுங்க."

"மாறாது," என்றேன். அவ்வளவு கெதியாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வால்வு எந்தப் பக்கத்து வால்வு, அந்தப் புதுக் குழாயின் பெயர் என்ன, சொடுக்கு அடிக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் பிழையாக இருக்கலாம். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். டொக்டரின் குணத்தில் எதையாவது கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அதை அவர் ஒருவரால்தான் திருத்த முடியும். நம்பர் மச்சியிடம் இருக்கிறது. அச்சில் போடுமுன் யாராவது இதை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, போடட்டா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றால், பொறுத்திருங்கள்.